மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் இடைக்கால ஐரோப்பிய, அரபுக் காசுகள் சேர்க்க முடியுமா?

மார்த்தாண்டத்துப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து கிடைத்த திருவிதாங்கூர் சக்கரம் நாலைந்து வைத்திருக்கிறேன் (28 சக்கரம் ஒரு ரூபாய் என்று பாட்டி இன்னும் கணக்குச் சொல்வாள்). இப்போது ஆசை இடைக்காலக் காசுகள் (சுமார் கி.பி. 500 முதல் 1500 வரை அடித்தவை) பக்கம் போய்விட்டது, ஐரோப்பாவும் வேண்டும், இஸ்லாமிய நாடுகளும் வேண்டும். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்கினால் வீட்டில் சண்டை வரும்.

போன மாதம் ஒரு திருவிழாக் கடையில் எண்ணூறு வருஷத்து அரபு வெள்ளிக்காசு என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து குத்துவிளக்கு தேய்க்கிற புளியை வைத்துத் தேய்த்தேன், பளபளவென்று ஆகிவிட்டது. அப்புறம் சும்மா ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. நான் ஏமாந்துவிட்டேனா?

குளச்சல் காசுக்காரன்:

ஆமாம் தம்பி, ஏமாந்துவிட்டாய். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது, அதற்கு மேல் ஆராய ஒன்றும் இல்லை. 1,800-ஐப் பள்ளிக்கூட ஃபீஸ் என்று நினைத்துக்கொள், நான் கட்டிய ஃபீஸ் இதைவிட அதிகம். ஆனால் ஒன்று, இனி எந்தப் பழைய காசையும் புளி, எலுமிச்சை, சாம்பல் எதையும் வைத்துத் தேய்க்காதே. அந்தக் கருப்பு போனால் விலையில் பாதி போய்விடும், திரும்ப வராது.

ஐரோப்பாவில் தொடங்க வேண்டுமென்றால் என் ஓட்டு ஹங்கேரியின் டெனாருக்கு. மாத்தியாஸ் அரசர் (1458–1490) காலத்திலிருந்து வந்த சின்ன வெள்ளிக்காசு, அரை கிராம்தான் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். ஒரு பக்கம் மாதா குழந்தையோடு, மறுபக்கம் கேடயம். பின்னால் வந்த முதலாம் ஃபெர்டினாண்ட் காசுகளில் ஆண்டும் எண்ணில் இருக்கும், அதனால் படிக்கத் தெரியாதவனும் படித்துவிடலாம் (1526-க்குப் பிறகு வந்ததை இடைக்காலம் என்று சொல்லலாமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும்). எனக்கு முதலில் வந்ததை என் ஆத்தா கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது நம்ம மாதால்லா" என்று சொல்லித் திருப்பித் தரவே மாட்டேன் என்றாள்.

ரெண்டு மூணு மாதக் காசைச் சேர்த்து வைத்தால் ஒன்று வாங்கலாம். அதற்கடுத்து என்னிடம் ரொம்பப் பிடித்தது இங்கிலாந்தின் பாதி பென்னி. 1180 முதல் 1247 வரை அடித்த பென்னியின் பின்பக்கம் ஒரு குட்டைச் சிலுவை இருக்கும், சில்லறை வேண்டும் என்றால் அந்தச் சிலுவைக் கோட்டிலேயே கத்தரித்து இரண்டாகவோ நாலாகவோ ஆக்கிவிடுவார்கள். என்னுடையது அரை நிலா மாதிரி ஒரு துண்டு, வெட்டின விளிம்பில் கத்தரி ஒருதரம் வழுக்கிய தடம்கூடத் தெரிகிறது. முழுப் பென்னியைவிட விலையும் குறைவு. இன்னொரு வேடிக்கை, அதில் ஹென்றி என்றுதான் எழுதியிருக்கும், ரிச்சர்டும் ஜானும் ஆண்ட காலத்தில் அடித்த காசிலும் அதே ஹென்றிதான். பேரை மாற்றவே இல்லை.

தேங்காப்பட்டணம் காக்கா:

அரபுக் காசு பற்றி நான் சொல்கிறேன். சின்ன வயதில் ஓத்துப்பள்ளியில் உட்கார்ந்து குர்ஆன் ஓதினவன்தானே, காசைப் பார்த்தவுடன் படித்துவிடலாம் என்று மெத்தனமாக ஒரு அப்பாசிய திர்ஹம் (பாக்தாத் கலீஃபாக்களின் வெள்ளிக்காசு) வாங்கினேன். ஒரு எழுத்து விளங்கவில்லை! அது கூஃபி என்கிற பழைய அரபு எழுத்து, புள்ளியே கிடையாது. புள்ளி இல்லாவிட்டால் பே, தே, ஸே எல்லாம் ஒரே பல்லு மாதிரி நிற்கும். மூன்று நாள் ராத்திரி லென்ஸை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

வழி இதுதான். அப்பாசியருக்கு முன்னால் ஆண்ட உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-ல் தங்கத்திலும் 79-ல் வெள்ளியிலும் உருவத்தை எடுத்துவிட்டு வெறும் எழுத்தை வைத்தார், அதிலிருந்து ரொம்பக் காலம் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். "ளுரிப ஹாதத் திர்ஹம் பி" என்று ஒரு வரி வரும், இந்தத் திர்ஹம் இந்த ஊரில் அடிக்கப்பட்டது என்று பொருள். அதை அடுத்து ஊர் பேர், அதை அடுத்து ஆண்டு. ஆண்டு எண்ணில் இருக்காது, சொல்லில் இருக்கும். அந்த ஒரு வரியைத் தேடப் பழகினாலே போதும், மதீனத்துஸ் ஸலாம் என்று வந்தால் அது பாக்தாத்.

என் காசில் ஏழா ஒன்பதா என்று இன்றுவரை முழுசாக முடிவாகவில்லை. ஸப்அ, திஸ்அ இரண்டுக்கும் புள்ளியை எடுத்துவிட்டால் பல் எண்ணிக்கை ஒன்றுதான், முதல் பல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் திஸ்அ என்பார்கள், என்னுடையது அந்த இடத்தில்தான் தேய்ந்திருக்கிறது. ஹிஜ்ரியை நம் ஆண்டாக்க 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டு, ஹிஜ்ரி 700 என்றால் 1301 வரும், ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும்.

மார்த்தாண்டத்துப் பையன்:

காக்கா, எனக்கு அரபியில் அலிஃப்கூடத் தெரியாதே. திர்ஹம் என் பட்ஜெட்டில் வருமா?

தக்கலை பழைய ஆள்:

வராது. நல்ல திர்ஹம் உன் ஆயிரத்துக்குள் நிற்காது, மலிவாகக் கிடைத்தால் பெரும்பாலும் வார்ப்புப் போலி. அசலை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்திருப்பார்கள், அதனால் ஓரம் கோணலாக இருக்கும், எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போயிருக்கும். வார்ப்பில் ஓரத்தைச் சுற்றி ஒரு ஒட்டுக்கோடு, முகத்தில் சோப்புத் தேய்ந்த மாதிரி ஒரு வழவழப்பு. கூடவே ஒரு நகைத்தராசு வாங்கிக்கொள். உமையா திர்ஹம் ஏறக்குறைய 2.9 கிராம், நாலரை காட்டினால் பேசாமல் நடையைக் கட்டு.

குளச்சல்காரர் வெளிநாட்டிலேயே நிற்கிறார், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து காசின் விலையையே தாண்டும், எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. இங்கேயே கிடைக்கும் இஸ்லாமியக் காசில் தொடங்கு. கோரி முகமதுவின் ஜீத்தல் என்கிற சின்னக் காசில் ஒரு பக்கம் காளை, மறுபக்கம் குதிரைவீரன், எழுத்து நாகரி, 'ஸ்ரீ ஹமீர' என்று இருக்கும், அமீர் என்பதுதான் அப்படி ஆகியிருக்கிறது. சில நூறு ரூபாயில் நல்லதே கிடைக்கும். அப்புறம் மதுரை சுல்தான்கள். 1330-களில் ஜலாலுத்தீன் அஹ்சன் டெல்லியை விட்டுப் பிரிந்து, சுமார் நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த ஆட்சி நடந்தது. அவர் மகளைத்தான் மொராக்கோ பயணி இப்னு பதூதா கட்டியிருந்தார். பயணியின் மாமனார் அடித்த செப்புக்காசு நம் பக்கத்து மதுரையில் புழங்கியிருக்கிறது, அதை விட்டுவிட்டு ஹங்கேரிக்குப் போவானேன்?

சட்டமும் தெரிந்துகொள். நூறு வருஷம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. தோட்டத்தில் குழி வெட்டும்போது புதையலாகக் கிடைத்தது என்று யாராவது விற்க வந்தால் தொடாதே, 1878 சட்டப்படி அதை கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

குளச்சல் காசுக்காரன்:

ஹங்கேரிக்குப் போவது மாதாவைப் பார்க்கத்தான் அண்ணாச்சி. வெனிஸ் தங்கக்காசு மட்டும் நம் ஊர்க்காசு மாதிரியே ஆகிவிட்டது தெரியுமா? அதில் வெனிஸின் தலைவர் புனித மாற்குவுக்கு முன் முழங்காலிட்டு ஒரு கொடிக்கம்பைப் பிடித்திருப்பார், நம் பக்கத்து ஆட்கள் அதைப் பனைமரமும் பனையேறியும் என்றே பார்த்தார்கள். வாங்க எனக்கு வசதி இல்லை, படத்தில் பார்த்ததோடு சரி.

தம்பி, இன்னொன்று. பிளாஸ்டிக் கவரில் போடாதே, பிவிசி என்றால் பச்சையாக ஒட்டும். நம் கடற்காற்றுக்கு செம்பு சீக்கிரம் பூக்கும், டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் நாலு போட்டு வை.

மார்த்தாண்டத்துப் பையன்:

ரொம்ப நன்றி. முதலில் தராசு, அடுத்து ஜீத்தல், ஆத்தா மாதிரி பாட்டியும் கேட்பாள் என்பதால் டெனார் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை குளச்சல் பக்கம் வருகிறேன், அந்தப் பாதி பென்னியைக் காட்டுவீர்களா?

குளச்சல் காசுக்காரன்:

வா. புளி மட்டும் கொண்டு வராதே.