வெள்ளை கார் முழுக்க ஆரஞ்சு புள்ளிகள், வீட்டிலேயே கிளே பார் போடலாமா?

பெரம்பூர் ஆல்டோ எழுதியது:

எங்கள் வீடு பெரம்பூரில், தண்டவாளத்துக்கு ஒரு தெரு தள்ளி. அப்பா ரிடையர் ஆனபோது வாங்கிய 2015 மாடல் வெள்ளை ஆல்டோ வாங்கிய நாளிலிருந்து தெருவோரம்தான் நிற்கிறது. தினமும் காலையில் ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய பனியன் துணியும் வைத்து அப்பாவே துடைப்பார்.

இப்போது பானட்டிலும் டிக்கி கதவிலும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சு புள்ளிகள் வந்திருக்கின்றன. ஷாம்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கார் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அப்பா கவலைப்படுகிறார். வாட்டர் வாஷ் கடையில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். வீடியோக்களில் கிளே பார் என்கிறார்கள். இதை நானே செய்யலாமா? பெயிண்ட் போய்விடாதே? எங்களுக்கு போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. ஷெட்டும் கிடையாது.

கோவை கருப்பு போலோ எழுதியது:

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் துருப்பிடித்தது கார் இல்லை, காரில் வந்து ஒட்டிய இரும்புத் தூள். ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உரசும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் நுண்ணிய இரும்புத் துகள் பறக்கும். அது கிளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமில்லாத மேல்பூச்சில், குத்தி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பனியும் மழையும் பட்டு அந்தத் துகள்தான் ஆரஞ்சாகிறது. ஆனால் எங்காவது பெயிண்ட் கொப்பளித்தோ உரிந்தோ இருந்தால் அது வேறு, அங்கே உண்மையிலேயே தகரம் துருப்பிடிக்கிறது. அந்த இடத்தில் கிளே போடாமல் பெயிண்டரிடம் காட்டுங்கள்.

ரப்பிங் காம்பவுண்டுக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். அது கிளியர் கோட்டையே சீவி எடுக்கும். கிளியர் கோட் மொத்தமே பொதுவாக 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. ஒட்டியிருக்கும் தூளை எடுக்க அதைச் செலவழிக்க வேண்டாம்.

கிளே பார் என்பது குளத்துக் களிமண் அல்ல. பிசைந்த மாவு போன்ற ஒரு செயற்கைப் பொருளில் மிக மெல்லிய தேய்ப்புத் தூள் கலந்திருக்கும். பெயிண்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதை அது பிடித்து இழுத்துவிடும். கீறல் போகாது, மங்கல் போகாது. அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

உங்கள் காருக்கு நேராகக் கிளேயில் இறங்காமல் முதலில் அயர்ன் ரிமூவர் (ஒட்டிய இரும்புத் தூளைக் கரைக்கும் திரவம்) அடியுங்கள். கார் உதிரிபாகக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். கழுவிய காரில், நிழலில், பானட் தொட்டால் சூடில்லாதபோது அடித்தால் சில நிமிடங்களில் புள்ளி இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். அழுகிய முட்டை நாற்றம் வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காயவிடாமல் கழுவிவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும், கிளே தேய்க்க வேண்டியது குறையும்.

அதன் பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பும் கவர் வழியாகத் தெரியும். எங்கே தெரிகிறதோ அங்கே மட்டும் கிளே போட்டால் போதும்.

பாரை முழுசாக எடுக்காதீர்கள். எலுமிச்சை அளவு பிய்த்து, சப்பாத்திக்குத் தட்டுவது போலத் தட்டி மூன்று விரலுக்கு அடியில் வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் கிளே வழுக்கிப் போக டீட்டெயிலர் ஸ்பிரே தாராளமாக அடியுங்கள். அது இல்லையென்றால் கார் ஷாம்பு கலந்த தண்ணீர் போதும். அழுத்தவே கூடாது. நேர்கோட்டில் முன்னும் பின்னும் விடுங்கள், வட்டமாக வேண்டாம். முதலில் கரகரவென்று சத்தமும் பிடிப்பும் இருக்கும், பிறகு வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. கிளே பழுப்பானதும் மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள்.

கீழே விழுந்த துண்டைக் குப்பையில் போடுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். என் கருப்பு போலோவில் இடது பின்கதவு செய்யும்போது துண்டு வாசல் சிமெண்டில் விழுந்தது. குழாயில் கழுவிவிட்டு அதையே போட்டேன். அன்று இரவு பெட்ரோல் பங்க் விளக்கில் பார்த்தால் கதவு நீளத்துக்கு மெல்லிய கீறல்கள். கிளே மாவு மாதிரி, மணல் உள்ளே புதைந்துவிடும், தண்ணீரில் போகாது. அந்தக் கதவை மெஷின் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. 450 ரூபாய் பாரில் ஒரு துண்டை மிச்சம் பிடிக்கப் போய் அவ்வளவு கிளியர் கோட் போனது இன்னும் மனதை உறுத்துகிறது.

சேலம் மாமரத்தடி எழுதியது:

உப்புத் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்பிரே கலக்கவும் கடைசி அலசலுக்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் பெயிண்டில் காய்ந்தால் வெள்ளை வளையம் விழும், அதைக் கிளே முழுசாக எடுக்காது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து உடனே அலசினால் புது வளையங்கள் போகும்.

என் வண்டி நிற்பது மாமரத்துக்கு அடியில். பூ பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சொட்டும் பிசின் மீது கருப்புப் பூசணம் படியும். அதை வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்த பிறகுதான் கிளே. காய்ந்ததைத் தேய்த்தால் கிளே இரண்டே நிமிடத்தில் வீணாகிவிடும்.

பெரம்பூர் ஆல்டோ எழுதியது:

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம், வெயில் எங்கள் தெருவுக்கு வர எட்டரை ஆகும். அயர்ன் ரிமூவர் அடித்ததும் டிக்கி கதவில் ஊதா ஊதாவாக ஒழுகியதைப் பார்த்து அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். கார் துரு இல்லை என்று நான் நாலு நாளாகச் சொன்னதை அப்போதுதான் நம்பினார்.

பானட், கூரை, டிக்கி மட்டும் கிளே போட்டோம். கதவுகள் கவர் வைத்துப் பார்த்ததில் வழவழவென்று இருந்தன, விட்டுவிட்டோம். பாரில் பாதிகூடச் செலவாகவில்லை. பானட்டை அப்பாவே செய்தார். கரகர சத்தம் நின்றதும் "வழுக்குதுடா, வழுக்குது" என்றார். எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இரண்டு புள்ளி மட்டும் போகவில்லை. அழுத்தித் தேய்க்கட்டுமா?

கோவை கருப்பு போலோ எழுதியது:

வேண்டாம். அந்த இரண்டு இடத்தில் மட்டும் அயர்ன் ரிமூவரை இன்னொரு முறை அடித்துப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் அப்படியே விடுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.

இன்றைக்கே வேக்ஸ் போட்டுவிடுங்கள். முன்பு போட்ட வேக்ஸ் ஏதாவது இருந்தால் கிளே அதையும் எடுத்திருக்கும். வெறும் பெயிண்டாக விட்டால் அடுத்த ரயில் தூள் சுலபமாக ஒட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவர் வைத்துத் தடவிப் பாருங்கள், சொரசொரத்தால் மட்டும் கிளே.

அப்பாவின் பனியன் துணியை மட்டும் எப்படியாவது மாற்றிவிடுங்கள். தூசி படிந்த காரை அதில் துடைத்தால் தினமும் மணலை இழுத்த மாதிரிதான். முதலில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் மேலிருந்து கீழே துடைக்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர் ஆல்டோ எழுதியது:

வேக்ஸ் போட்டாயிற்று. அப்பாவுக்கு நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மிச்சமிருக்கும் கிளேயை முன்கண்ணாடியில் போடலாமா என்று கேட்கிறார்.

கோவை கருப்பு போலோ எழுதியது:

தாராளமாக. அதே வழவழப்புத் தண்ணீர்தான். ஆனால் கண்ணாடிக்குப் போட்ட துண்டை மறுபடி பெயிண்டுக்கு எடுக்க வேண்டாம், தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.