புதுப்பிப்பு: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, குதிரைப்படையை முதலைக் குறளால் தடுத்தாச்சு

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. பிந்தி வாறவங்களுக்கு: இந்தக் கணினி விளையாட்டில் உப்புவெளியில இருக்கிற மச்சான் இரண்டாம் யுகத்திலேயே (ஆட்டத்தின் இரண்டாவது நிலை) குதிரைகளை அனுப்பி என் மரவெட்டிகளை அழிக்கிறார், பழைய நூல்களில் இதுக்கு வழி இருக்கா என்று திருகோணமலையில இருந்து கேட்டிருந்தேன்.

"முந்திக்கொண்டு தாக்கு" என்ற யோசனை சரிவரேல்லை. குதிரை வேகத்துக்குக் காலாட்கள் ஈடுகொடுக்காது. பலித்தது, இடனறிதல் அதிகாரத்தில் 495ஆம் குறளைக் காட்டின அண்ணாவின் பதில்: ஆழநீரில் முதலை வெல்லும், நீரை விட்டு வந்தால் மற்றவை அதை வெல்லும். குதிரை கண்ணில் பட்டதும் ஆட்களை நகர மையக் கட்டடத்துக்குள் அடைத்தேன்; உள்ளே ஆள் கூடக்கூட வெளியே பாயிற அம்பும் கூடும். பக்கத்தில் ஈட்டிவீரர். துரத்திப் போகவேயில்லை. கொஞ்சக் குதிரை விழுந்ததும் மச்சான் திரும்பிட்டார்.

எதிர்பாராதது: நான் அவருடைய கோட்டைக்குப் போனால் அங்கே முதலை அவர்தான். அப்ப 471ஆம் குறள் சொல்கிற மாதிரி அவர் வலியையும் என் வலியையும் தூக்கிப் பார்த்தேன். மேம்பாடு செய்யாத கோட்டையின் அம்பு 8 கட்டம்தான் பாயும். ட்ரெபுஷே கல்லெறிபொறிக்கு 16 கட்டம். தூர நின்றே உடைத்தாச்சு. பொறிக்கும் ஈட்டிக்காவல் கட்டாயம் வையுங்கோ, குதிரை கிட்ட வந்தால் அது தாங்காது.