சூடானதும் தானாக ரேஸ் ஆகும் டூ ஸ்ட்ரோக்: உங்கள் அனுபவம் என்ன?

ஆர்எக்ஸ்_சேலம்

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1991 மாடல், ஒரிஜினல் மிக்குனி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்). காலையில் ஐடிலிங் அழகாக நிற்கும். சூடானதும் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) இறங்காது. காட்டிய கடையிலெல்லாம் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை வைக்கும் ஜெட்டைத்தான் மாற்றினார்கள். அப்படியே ஏற்காடு ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினால், வண்டி ஸ்டாண்டில் நின்றபடி அலறுகிறது.

பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. குனிந்து, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டார். அலறிய எஞ்சின் அப்படியே அடங்கி ஐடிலிங்குக்கு வந்துவிட்டது. சோக்கை எடுத்தார், மறுபடி அலறல். சோக் போட்டால் திணறி நிற்க வேண்டிய சூடான எஞ்சின், சோக் போட்ட பிறகுதான் ஒழுங்காக ஓடியது! "காத்து எங்கேயோ உள்ள போவுது தம்பி. ஜெட்டைத் தொடாத" என்றார். இடது பக்கக் கவரைக் கழற்ற வைத்து, மேக்னட்டுக்கு அடியில் விரலை விட்டு எடுத்தார். கறுப்பாக எண்ணெய். காய்ந்து கிடக்க வேண்டிய இடம் அது. கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் கிராங்க் சீல் போயிருந்தது.

சீல் மாற்றியதும் வண்டி சரி. ஆனால் அவ்வளவு நாளும் லீனாக, அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்து ஓடிய வண்டியில் பிஸ்டன் எந்த நேரமும் சூட்டில் இறுகிப் பிடித்திருக்கலாம். பணம் வாங்கிய ஒருவர்கூட சோக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

ரோட்கிங்_கோவை

பெரியவர் தேர்ந்த கை. ஆனால் சோக்கில் அடங்கினால் சீல்தான் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர் வெடித்திருந்தாலும், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டில் அடைப்பு இருந்தாலும் இதே கதைதான். எஞ்சின் கேஸைத் தொடும் முன் ரப்பரை வளைத்துப் பாருங்கள்.

என் யெஸ்டி பைக்கில் போனது மற்ற கிராங்க் சீல், கிளட்ச் பக்கம் உள்ளது. காலையில் கிக் அடித்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை. பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலை அதிகமாக ஊற்றுகிறாய் என்றே எல்லாரும் சொன்னார்கள். அம்மா மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "இது எப்பவும் வர்ற வாசனை இல்லடா, வேற எண்ணெய் கருகுது" என்றார். அன்று மாலையே கியர் ஆயிலை வடித்தேன். ஊற்றியதில் பாதிகூட வரவில்லை. தரையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. சீல் வழியாக எஞ்சின் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. யெஸ்டி செய்த மைசூர் ஆலை 1996-ல் மூடியதிலிருந்து நல்ல சீல் கிடைப்பதே பெரும்பாடு.

நாமக்கல்_ரைடர்

கொல்லிமலை இறக்கத்தில் எனக்கு முன்னால் போன நண்பனின் ஆர்எக்ஸ் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டது. ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. கிளட்ச் பிடித்ததால் பிழைத்தான். எஞ்சினுக்குத் தனியாக ஆயில் தரும் பம்பைக் கழற்றி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும்படி மாற்றிய வண்டி அது.

கோவை நண்பரே, சீலையும் ரப்பரையும் பேசுகிறீர்கள், பம்பைக் கழற்றுவதை யாரும் பேசுவதில்லை. ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் மலை இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகக் கொஞ்சமே போகும். கலந்து ஓட்டினால் அதோடு ஆயிலும் போதாமல் போகும். பம்ப் கிராங்கோடு சுற்றுவதால் அப்போதும் கொஞ்சம் ஆயில் தரும். கலந்துதான் ஓட்டுவேன் என்பவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

அப்புறம் இப்போதைய எத்தனால் பெட்ரோல். அதில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட்டிலேயே கலவை லீனாகிவிடும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்ற வேண்டுமா என்பதை ஸ்பார்க் பிளக்கிடம் கேளுங்கள். காலியான நேர்ரோட்டில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, கிளட்ச் பிடித்து அதே நொடியில் எஞ்சினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றுங்கள். லேசான பழுப்பு என்றால் நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் மேலே ஓட்டாதீர்கள். ஈரக் கறுப்பு என்றால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்து வையுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து உள்ளே அரிக்கும். சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிள் குழாயில் கரி அடைத்திருந்தால் எந்த டியூனிங்கும் நிற்காது, முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

ஆர்டி_திருச்சி

என்னுடையது ராஜ்தூத் 350, இரட்டைச் சிலிண்டர், திறன் குறைந்த எல்டி மாடல். எடுத்த புதிதில் இழுவையே இல்லை. 27 குதிரைத்திறன் வண்டி மொபட் மாதிரி ஏறும். மெக்கானிக் அண்ணன் டூல் பெட்டியைத் திறக்கவே இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, சொம்பில் இருந்த தண்ணீரை விரலால் தொட்டு இரண்டு சைலன்சர் கழுத்திலும் தெளித்தார். வலதுபக்கம் சுர்ரென்று ஆவியானது. இடதுபக்கத் துளி அப்படியே உருண்டு கீழே வழிந்தது. பாதி எஞ்சினில்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் சிலிண்டருக்கு ஒரு சிபி பாயிண்ட் (தீப்பொறி விழும் நேரத்தை வைக்கும் சுவிட்ச்), ஒரு காயில். இடது பாயிண்ட் தேய்ந்து இடைவெளியே இல்லாமல் போயிருந்தது. மாற்றி டைமிங் வைத்ததும் முதல்முறையாக அந்த எஞ்சினின் முழுக் குரலைக் கேட்டேன்.

நாமக்கல் அண்ணா, பம்ப் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். ஆயில் டேங்க் ஒருமுறை காலியானால் குழாயில் காற்று ஏறிவிடும். பம்பில் இருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஆயிலை வழியவிட வேண்டும். அதைச் செய்யாமல் கிளம்பி பிஸ்டன் பிடித்த வண்டிகளை வைத்துத்தான் பலர் பம்பே ஆகாது என்று கழற்றிப் போடுகிறார்கள்.