நோக்கியா என்900 யாரிடமாவது இருக்கிறதா?

நெல்லை மக்களே, மேமோ 5 (லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட நோக்கியாவின் இயங்குதளம்) ஓடும் நோக்கியா என்900 போன் பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? 2011-இல் நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் போன பிறகு மேமோவைக் காப்பாற்றி வருவது தன்னார்வலர்கள்தான். மேமோவின் சில பகுதிகளுக்கு மூலநிரலே வெளிவராததால், பேட்டரியைக் கவனிக்கும் நிரலுக்குக்கூட அவர்களே மாற்று எழுத வேண்டியிருந்தது, அப்புறம் டெவுவான் என்ற லினக்ஸ் வகையின் மேல் மேமோ லெஸ்டே என்று புதிதாகவே கட்டுகிறார்கள். பெரிய உழைப்பு அது. இந்த லெஸ்டேயில் தமிழ் எழுத்துருவும் தட்டச்சும் எப்படி வருகின்றன என்று சோதித்துச் சொல்ல ஆசை. ஆனால் என் போனின் மைக்ரோ யூஎஸ்பி துளை போர்டிலிருந்து பெயர்ந்துவிட்டது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கம் இதைப் பக்குவமாகச் சால்டர் வைக்கும் அண்ணாச்சி யாரையாவது தெரியுமா? போன் இரவல் கொடுத்தாலும் சரி, பத்திரமாகத் திருப்பித் தருவேன்.