தேர்தல் வியூக கேம்: மெகா கூட்டணி போட்டாலே ஜெயித்துவிடுகிறார்கள். கூடவே டோர்னமென்ட் கட்டணம் பற்றி ஒரு சந்தேகம்

கிண்டி_பிக்சல்:
வணக்கம். சென்னையில் நாலு பேர் சேர்ந்து டர்ன் பேஸ்டு (முறை வைத்து ஆடும்) தேர்தல் கேம் ஒன்று செய்கிறோம். 234 தொகுதி, 118 வந்தால் ஆட்சி. தொகுதிவாரியாக ஆறு கட்சிகளுக்கு வாக்கு சதவீதம் இருக்கிறது. கூட்டணி சேர்ந்தால் இரண்டையும் அப்படியே கூட்டிவிடுகிறோம். டெஸ்டிங்கில் எல்லோரும் ஆரம்பத்திலேயே சின்னக் கட்சிகளை வளைத்துப் போட்டுவிடுகிறார்கள், அதோடு ஆட்டம் முடிந்தது. கூட்டணிக்கு 100 பாயின்ட் செலவு வைத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

இன்னொன்று, ரிலீஸுக்கு முன் ஆன்லைன் டோர்னமென்ட் நடத்தும் எண்ணம். தலைக்கு 100 ரூபாய், முதல் பரிசு 25,000. முழுக்க மூளைக்கு வேலை, சூதாட்டம் கிடையாது. சட்டச் சிக்கல் வருமா? நிஜத் தலைவர்களின் முகத்தை வைக்கலாமா?

பூத்_கமிட்டி:
பாயின்ட்டை 500 ஆக்கினாலும் இதேதான் நடக்கும். கூட்டணிக்கு விலை சீட்டுதான், அது உங்கள் கேமில் இல்லவே இல்லை. 2006-ல் திமுக 132 இடங்களில் நின்று 96 ஜெயித்தது. கூட்டணி ஜெயித்தும் தனிப் பெரும்பான்மை இல்லாமல் ஐந்து வருடம் சிறுபான்மை அரசாகத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. கொடுக்கும் ஒவ்வொரு சீட்டும் 118-லிருந்து ஒரு படி பின்னால் இழுக்கிறது என்பதை ஆடுபவர் உணர வேண்டும்.

அடுத்து, வாக்கைக் கூட்டுவதை நிறுத்துங்கள். கூட்டணி வைத்தால் எல்லா வாக்கும் அப்படியே வேட்பாளருக்கு வந்து சேராது. வேட்பாளரின் சொந்தக் கட்சி வாக்கை 0.95-ஆலும், தோழமைக் கட்சி வாக்கை 0.7-ஆலும் பெருக்கிப் பாருங்கள். உங்களுக்கு 34, தோழமைக்கு 7, எதிரணிக்கு 38. காகிதத்தில் 41, ஜெயிக்கிறீர்கள். இந்தக் கணக்கில் 32.3 + 4.9 = 37.2, தோற்கிறீர்கள். அதே தொகுதியைத் தோழமைக் கட்சிக்கு விட்டால் இன்னும் மோசம்: 23.8 + 6.65, முப்பதைச் சற்றே தாண்டும். எத்தனை சீட் என்பதை விட எந்தத் தொகுதி என்பதுதான் பேரம் என்று அப்போது தானாகப் புரியும். ஒரே ஊரில் பகை உள்ள இரண்டு கட்சிகளுக்கு 0.7-ஐ 0.5 வரை இறக்கலாம். சீட் கிடைக்காத உள்ளூர்ப் புள்ளி சுயேச்சையாக நின்று 3 சதவீதம் பிரிப்பதையும் சேர்த்தால் களைகட்டும்.

சின்னக் கட்சியின் வாக்கை 234-லும் சமமாகத் தூவாதீர்கள். 25 தொகுதியில் 18 சதவீதம், மற்றதில் 2 சதவீதம் என்று குவித்து வையுங்கள். பரவிக் கிடக்கும் வாக்குக்கு இங்கே சீட் கிடைக்காது: 2016-ல் பாமக தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பூஜ்யம். 2024 மக்களவையில் 20 சதவீதம் வாங்கிய அதிமுகவுக்கே ஒரு இடமும் இல்லை.

எனக்குப் பிடித்த விஷயம் சின்னம். 2021-ல் மதிமுக, விசிக இரண்டுக்கும் ஆறு ஆறு சீட். மதிமுக உதயசூரியனில் நின்றது, விசிக பானையில். இரண்டும் நாலு நாலு ஜெயித்தன. ஆனால் சட்டமன்றக் கணக்கில் மதிமுகவின் நாலு பேரும் திமுக எம்.எல்.ஏ.க்கள், கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். இதை அப்படியே கேமில் வையுங்கள். பெரிய கட்சி சின்னம் எடுத்தால் வாக்கு மாற்றம் 0.85, ஆனால் ஜெயித்த பிறகு அணி மாற முடியாது. சொந்தச் சின்னம் என்றால் 0.7, ஆனால் தேர்தலுக்குப் பின் பேரம் பேசலாம்.

ஓரெழுத்து:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் 0.7 என்ற எண்ணைத் திரையில் காட்டினால் எல்லோரும் எக்ஸெல் போட்டு ஆடுவார்கள். 55–85 சதவீதம் என்று வரம்பாகக் காட்டுங்கள். சர்வேக்குச் செலவு செய்தால் வரம்பு குறுகட்டும். கூட்டணி முடிவை எல்லோரும் ஒரே நேரத்தில் மறைத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் ஆடுபவருக்குத்தான் லாபம்.

வாய்தா_ராஜா:
கட்டண விஷயத்தில் நில்லுங்கள். 'மூளை வேலை' வாதத்துக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ஆன்லைன் பந்தய ஆட்டங்களைத் தடை செய்த மாநிலச் சட்டத்திருத்தத்தை ரத்து செய்ததும், 2023 நவம்பரில் ரம்மி, போக்கரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்த்துத்தான். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற, ஆன்லைன் விளையாட்டுக்கான ஒன்றியச் சட்டம் அந்தப் பிரிவினையையே கண்டுகொள்வதில்லை. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடினால் அது பண விளையாட்டு. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். விளம்பரத்துக்கு யூடியூபர் யாரையாவது பிடித்தால் அவரும் இதில் வருவார். ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

இ-ஸ்போர்ட்ஸ் (போட்டி விளையாட்டாக நடத்தும் வீடியோ கேம்) என்றால் நுழைவுக் கட்டணமும் பரிசும் உண்டு. ஆனால் அதற்கு அங்கீகாரமும், அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தில் பதிவும் வேண்டும். நாமே போஸ்டரில் இ-ஸ்போர்ட்ஸ் என்று அச்சடித்தால் ஆகாது. உங்களுக்கு நல்ல வழி: நுழைவு இலவசம், 25,000 ஸ்பான்சர் பணம்.

முகம் வேண்டாம். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்த 2015-லேயே இதே நீதிமன்றம் தடை போட்டது. கற்பனைக் கட்சி, கற்பனைச் சின்னம் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ஆட்களுக்கு யார் யார் என்று சொல்லியா தர வேண்டும்!

கிண்டி_பிக்சல்:
நன்றி அண்ணா. கட்டணத்தைத் தூக்கிவிடுகிறோம். அதற்குப் பதில் கேமுக்குள் காயின் விற்று, காயின் கட்டி டோர்னமென்ட், ஜெயித்தால் கிஃப்ட் கார்டு என்று வைத்தால்?

வாய்தா_ராஜா:
அதுவும் அதேதான் தம்பி. காசு கொடுத்து வாங்கிய காயினும் பந்தயப் பொருள் என்றுதான் சட்டம் எழுதியிருக்கிறது. கேமை ஒரே விலைக்கு விற்கலாம், மாதச் சந்தா வைக்கலாம். அந்தப் பணம் பந்தயமாக மாறக்கூடாது, அவ்வளவுதான். காயின் விற்றே ஆக வேண்டுமென்றால் கொடிக் கலர், மேடை அலங்காரம் வாங்க மட்டும் விடுங்கள். திரும்பக் காசாகவோ கார்டாகவோ மாறும் கதவே இருக்கக்கூடாது.

ஓரெழுத்து:
ஒன்று விட்டுப்போச்சு. 'நிஜத் தேர்தலில் யார் ஜெயிப்பார்' என்று கேமுக்குள் வாக்கெடுப்பு வைக்கும் எண்ணம் இருந்தால் கவனம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடத் தடை இருக்கிறது. அதை நிறுத்தும் ஸ்விட்ச் சர்வரில் இருக்கட்டும். ஆப் அப்டேட் விட்டு நிறுத்தலாம் என்றால், ப்ளே ஸ்டோர் ரிவ்யூ முடிவதற்குள் ஓட்டே எண்ணி முடித்துவிடுவார்கள்.