கேட்டது 5 நட்சத்திரம், வந்தது 3: பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். உறுப்பினர்களுக்கு மட்டுமான ஆன்லைன் தள்ளுபடி விற்பனையில், ஜூலை 12 இரவு ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். ஒற்றைக் கதவு, 183 லிட்டர், 5 நட்சத்திரம் என்று விற்பனைப் பக்கத்தில் இருந்தது. வங்கி அட்டைச் சலுகை போக 16,490 ரூபாய். 16ஆம் தேதி பெட்டியைப் பிரித்தால், கதவில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன முத்திரையில் சிவப்பு நட்சத்திரம் மூன்றுதான். மாடல் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு.

வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை பேசினேன். டெக்னீஷியனை அனுப்பினார்கள். அவர் உள்ளே கைவைத்துப் பார்த்து, "நன்றாகக் குளிர்கிறதே சார்" என்று சொல்லி, 'பழுது இல்லை' என எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். குளிரவில்லை என்று நான் சொல்லவே இல்லை! அந்தச் சீட்டைக் காட்டியே திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு 18ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினேன். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை வந்திருக்க வேண்டும்; வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்துவிட்டேன்.

விற்பனைப் பக்கத்தை இப்போது திருத்திவிட்டார்கள். நல்லவேளை, பணம் கட்டும் முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. பில்லில் நான் கேட்ட மாடல் எண்தான் உள்ளது. முத்திரையையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பும் கெடு 26ஆம் தேதி முடிகிறது.

'பழுது' என்றில்லாமல் 'வேறு பொருள் வந்தது' என்ற காரணத்தில் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள், எந்த ஆதாரத்தை யாரிடம் கொடுத்தீர்கள்?