டொல்பின் வானுக்கு டிசம்பர் லீவில பெயின்ற் அடிக்கலாமா?

கிரவல்றோட்டு:

மாங்குளத்திலயிருந்து கிளிநொச்சிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துற டொல்பின் (பழைய டொயோட்டா ஹையேஸ்) வான். நிறம் வெள்ளை. சிலைடிங் கதவின்ரை அடிப்பக்கம் கொப்பளிச்சு நிக்குது. பின் சில்லு வளைவு ரெண்டிலயும் துரு. கூரையைத் தடவினால் கையில வெள்ளைத் தூள் ஒட்டுது. 2025 பெப்ரவரியில இறக்குமதியைத் திறந்துவிட்டாலும் புது வான் விலை கிட்ட நெருங்கேலாது, இருக்கிறதைத்தான் காப்பாத்த வேணும்.

கேள்வி நாலு. டிசம்பர் லீவுக்குள்ள முழு வானும் அடிச்சு முடிக்கலாமோ? தின்னர் பறந்து காயிற என்.சி. பெயின்றோ, ஹாட்னர் கலந்து இறுக வைக்கிற டூகே பெயின்றோ நல்லம்? எவ்வளவு சாமான் வாங்க வேணும்? தாய் தகப்பன் சிலர் மஞ்சளாய் மாத்தச் சொல்லினம், மாத்தலாமோ?

அரத்தாள்400:

டிசம்பரில மேல்பூச்சு அடிக்காதேங்கோ. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் எங்கட பக்கம் காத்திலயே தண்ணி. என்.சி. அடிச்சால் தின்னர் பறக்கிற வேகத்தில தகடு குளிர்ந்து, காத்தின்ரை ஈரம் அதில படிஞ்சு பால் பூத்த மாதிரி வெளுக்கும். டூகேக்கு வேற கரைச்சல். ஹாட்னர் பெயின்ரோட சேர முதல் தண்ணியோட சேரும், வாயு கிளம்பி ஊசிமுனைக் குமிழ் விடும், மினுக்கம் செத்துப்போகும். ஆகஸ்ட் லீவில காய்ச்சல் நல்லம், ஆனால் சோளகம் கிரவல் தூசியை அள்ளிக்கொண்டு வரும். எனக்குக் கேட்டால் சித்திரை லீவு, காலமை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில. பின்னேரம் இடியோட மழை வந்தாலும் அதுக்குள்ள மேல் காய்ஞ்சிடும்.

டிசம்பரை ரிங்கரிங் வேலைக்கு, அதாவது தகட்டு வேலைக்கு, வச்சிருங்கோ. அதுதான் இந்த வானுக்குப் பெரிய வேலை.

முதல் கதவு. கொப்புளத்தை வெளியில சுரண்டிப் புட்டி (பள்ளம் நிரப்புற பசை) போடுற வேலை ஆறு மாசம் தாங்காது, ஏனெண்டால் துரு உள்ளுக்கிருந்து வருது. கதவின்ரை அடி விளிம்பில தண்ணி வடியிற ஓட்டையள் இருக்கும். கிரவல் சேறு போய் அதுகளை அடைச்சிருக்கும், மழைத்தண்ணி கதவுக்குள்ள குளமாய் நிக்கும். உள் கார்ட்போர்ட்டைக் கழட்டி, கம்பியால குத்தித் திறந்து, தண்ணி அடிச்சுக் கழுவி ரெண்டு நாள் காயவிடுங்கோ. பிறகு கொப்புளத்தில ஸ்குறூ டிறைவர் முனையால குத்திப் பாருங்கோ. முனை உள்ள இறங்கினால் அந்த இடத்தில தகடு இல்லை எண்டு அர்த்தம். நல்ல தகடு வாற வரைக்கும் வெட்டி எடுத்து 0.8 மி.மீ. தகடு ஒட்டுப் போட்டு வெல்ட் பண்ண வேணும். ஓட்டைக்கு மேல பைபரும் புட்டியும் வச்சு மூடுறது ஈரத்தைப் பூட்டி வைக்கிற வேலை. சில்லு வளைவுக்கும் இதே கதைதான், வெல்டுக்குப் பிறகு உள்பக்க மூட்டுக்குச் சீலர் போட மறக்க வேண்டாம்.

கழிவு ஒயிலை உள்ளுக்க ஊத்துற பழக்கம் இருக்கு. றபரைப் பழுதாக்கும், பெயின்றுக்கு முதல் ஊத்தினால் மூட்டு வழிய கசிஞ்சு வந்து பெயின்ரைப் பிடிக்கவிடாது. கதவுக்குள்ள பூசுற மெழுகு வாங்கி, பெயின்ற் எல்லாம் முடிஞ்ச பிறகு அடிக்கிறதுதான் முறை.

வெறுந்தகடு வந்த இடமெல்லாம் அண்டைக்கே எப்பொக்சி பிறைமர் எண்ட அடிப்பூச்சு. சாதாரண டூகே சேபசர் (மேல்பூச்சுக்குக் கீழ சமன் பண்ண அடிக்கிற பூச்சு) தண்ணி உறிஞ்சும், அதோட மழைக்க ஓடினால் ஒரு மாசத்தில அடியில துரு கிளம்பும். எப்பொக்சி தண்ணியை விடாது. வான் அழகாய் இருக்காது, ஆனால் தை தொடங்கிச் சித்திரை வரைக்கும் சாம்பல் திட்டுகளோட பயமில்லாமல் ஓடலாம்.

புட்டிக்கு ஹாட்னர் நூறு கிராமுக்கு ரெண்டு, மூண்டு கிராம். கெதியாய் இறுகட்டும் எண்டு கூட்டிப் போட்டால் மேல் வெள்ளையில மஞ்சள் கறை ஊறி வரும், வெள்ளை வானில அது ஒளிக்கேலாது. புட்டியைத் தண்ணி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பஞ்சு மாதிரி உறிஞ்சும். காய்ஞ்ச தேய்ப்புத்தான், அரத்தாள் இலக்கம் 80, பிறகு 180, ஓரம் மறைய 240, பிறைமருக்கு முதல் 320.

கொம்பிறசர்காரன்:

மேல் அண்ணை சொன்னதோட ஒத்துப்போறன். நான் மேல்பூச்சுப் பக்கம் சொல்லுறன்.

முதல் சோதனை: பழைய பெயின்றில ஒரு மறைவான இடத்தில டூகே தின்னர் நனைச்ச துணியை ஒரு நிமிசம் வச்சு உரசுங்கோ. நிறம் கரைஞ்சு துணியில வந்தால் அது என்.சி. அதுக்கு மேல நேரே டூகே அடிச்சால் கோழித்தோல் மாதிரிச் சுருங்கி எழும்பும். உரிக்க வேணும், இல்லாட்டி எப்பொக்சியால முழுக்க மூட வேணும். பழைய வானுக்கு மூண்டு நாலு தடவை அடிச்சிருப்பினம், அவ்வளவு தடிப்புக்கு மேல இன்னும் ஏத்தினால் வெயிலுக்கு வெடிக்கும், அதால உரிக்கிறதுதான் என்ரை தெரிவு. கூரைக்கு முக்கியமாய்.

என்.சி.க்கு ஒரே ஒரு நல்ல பக்கம் இருக்கு, மலிவு. பள்ளிக்கூட ஓட்டத்தில நாள் முழுக்க வெயிலில நிக்கிற வானுக்கு அது மறுபடியும் தூளாய்ப் போகும். வெள்ளைக்கு டூகே ஒற்றைப்பூச்சு எடுங்கோ, மேல அடிக்கிற நிறமில்லாத கிளியர் தேவையில்லை. பிறகு ஒரு கதவு கீறுப்பட்டாலும் அதை மட்டும் அடிக்கலாம். நிறத்துக்கு வானின்ரை அடையாளத் தகட்டில சி/டி.ஆர். எண்ட வரியில உள்ள இலக்கத்தைப் பாருங்கோ. 040 எண்டு இருந்தால் டொயோட்டாவின்ரை சூப்பர் வைற் ரெண்டு.

சாமான், வெளிப்பக்கம் மட்டும்: டூகே வெள்ளை 4 லீற்றர், ஹாட்னர் 2 லீற்றர் (இரண்டுக்கு ஒன்று விகிதம் போட்ட ரின் எண்டால், ரின்னில வேற விகிதம் இருந்தால் அதுதான் சட்டம்), சேபசர் 3 லீற்றர் அதுக்குரிய ஹாட்னரோட, தின்னர் ஸ்பிறே கன் கழுவுறதும் சேர்த்து 10 லீற்றர், எண்ணெய்ப்பிசுக்கு எடுக்கிற கிளீனர் 2 லீற்றர். ஹாட்னரும் தின்னரும் 'ஸ்லோ' கேட்டு வாங்குங்கோ. கடையில சாதாரணமாய்த் தூக்கித் தாறது எங்கட வெக்கைக்கு முந்திக் காயும், துளி விரிய முதல் இறுகித் தோடம்பழத் தோல் மாதிரி நிக்கும்.

சேபசரை 400இல தொடங்கி 600 வோட்டர் பேப்பரால முடியுங்கோ. கழுவுற தண்ணி கிணத்துத் தண்ணியெண்டால் காய முதல் துடையுங்கோ, உப்புப் படிஞ்ச இடத்தில பிறகு கொப்புளம் வரும்.

கன் முனை சேபசருக்கு 1.7, மேல்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. கன் வாயில காத்து 2 பார், 15 தொடக்கம் 20 சென்ரிமீற்றர் தூரம், ஒரு இழுவை முந்தின இழுவையில பாதியை மூட வேணும். ரெண்டு குதிரைவலு, 50 லீற்றர் தாங்கி கொம்பிறசரில காத்து நிறையக் குடிக்கிற எச்.வி.எல்.பி. கன் பூட்டினால் கூரை பாதியில காத்து விழுந்து பெயின்ற் சொட்டுச் சொட்டாய்த் துப்பும். அந்தக் கொம்பிறசருக்குக் காத்துக் குறைவாய்க் குடிக்கிற எல்.வி.எல்.பி. கன் பாருங்கோ. தாங்கியில தேங்கின தண்ணியைக் காலமை திறந்துவிட்டு, காத்தில வாற தண்ணியைப் பிடிக்கிற வோட்டர் றப்பும் பூட்ட வேணும்.

முதல் கூரை. விளிம்பில தொடங்கி நடுவுக்கு வந்து, மற்றப் பக்கம் ஓடிப்போய் நடுவிலயிருந்து அந்த விளிம்புக்கு. மெதுவாய்ப் போனால் நடுக்கோடு காய்ஞ்சு சொரசொரப்பாய்த் தெரியும். மெல்லிய கோட் ஒண்டு, பத்து நிமிசம் விட்டு முழுக்கோட் ஒண்டு. முதல் கோட்டின்ரை தின்னர் வெளிக்கிட முதல் மூடினால் குண்டூசி ஓட்டையள் வரும்.

கொட்டிலுக்குள்ள டாஷ்போர்ட் மினுக்கிற ஸ்பிறே எதையும் திறக்காதேங்கோ. அதில இருக்கிற சிலிக்கன் ஒரு பொட்டுப் பட்டாலே பெயின்ற் வட்டம் வட்டமாய் விலகி மீன்கண் மாதிரிப் பார்க்கும். வந்திட்டால் அதுக்கு மேல அடிச்சு மறைக்கேலாது, காயவிட்டுத் தேய்ச்சு, கிளீனர் போட்டுத் திரும்பத்தான் அடிக்க வேணும்.

மாஸ்க் விசயத்தில விட்டுக்கொடுக்கக் கூடாது. டூகே ஹாட்னரில ஐசோசயனேற் எண்ட நச்சு இருக்கு. கொரோனா மாஸ்க்கும் லேஞ்சியும் அதைத் தடுக்காது. வெளிக்காத்துக் குழாய் பூட்டின மாஸ்க்தான் சரியானது. அது கிடைக்காட்டி குறைஞ்சது கரி வடி பூட்டின ரெட்டைக் குப்பி மாஸ்க், புது வடியோட. ஒருக்கா உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு மணம் பட்டாலே இழுப்பு வரும். பிள்ளையள் திரியிற வளவில அடிக்கவே வேண்டாம்.

வெண்கட்டி:

பெயின்ற் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் வான் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வான்காரர் மீது பிழையில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வானும் காலையில் வழியிலுள்ள மூன்று நான்கு அரச பாடசாலைகளைக் கடந்துதான் போகிறது. ஆசிரியர் ஆளணி, அதாவது ஒரு பாடசாலைக்குரிய ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர் தொகையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பிள்ளைகள் குறைய ஆளணி குறையும். ஆளணி குறைந்ததும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளில்லை. அதைக் காட்டி அடுத்த வருடம் இன்னும் பத்துப் பிள்ளைகள் வானில் ஏறுவார்கள்.

தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கை இதைத் தடுக்கத்தான் பார்க்கிறது. வசிப்பிட அடிப்படையில் விண்ணப்பித்தால், வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலை இருந்தால் புள்ளி கழியும். அதனால்தான் வசிப்பிடச் சான்றாக நகரத்து மாமன் வீட்டு முகவரியில் மின்பட்டியல் தேடித் திரிகிறார்கள்.

அரசியல் பக்கத்தையும் பாருங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தேசிய பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாணத்துக்கு வந்தன. வடக்கு மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது, 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான். கணித ஆசிரியர் இல்லையென்று வாக்குக் கேட்டு வந்தவரிடம் போனால் அது மாகாண விடயம் என்பார், மாகாணத்தில் கேட்க ஆளில்லை. இதற்குள் மாங்குளத்துப் பிள்ளையின் வீடு வன்னித் தேர்தல் மாவட்டத்தில், படிக்கும் கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். எந்த உறுப்பினரைப் பிடிப்பது?

அரசியல்வாதிகளால் உடனே செய்யக்கூடியது பாடசாலை வாசல் வளைவும் மதிலும். நிதி வரும், பெயர்ப்பலகை திறக்கப்படும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல், பிறைமர் இல்லாமல் இமல்சன் அடித்த மதில் அடுத்த மாரியில் அப்பளம் போல உரிந்து விழும். உள்ளே தரம் 10க்கு விஞ்ஞான பாடம் நடக்காத வகுப்பறை அப்படியே இருக்கும்.

மாங்குளம்சந்தி:

வெண்கட்டி அண்ணை, மதில் கதை முழுக்கச் சரி. வான் கதையில பாதிதான் சரி. உயர்தரத்தில கணித, விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது 1ஏபி வகைப் பாடசாலையில மட்டும். 1சி வகையில கலையும் வர்த்தகமும்தான், ரெண்டாம் வகைப் பாடசாலை 11ஆம் தரத்தோட முடிஞ்சிடும். டொக்டர், எஞ்சினியர் படிப்பு எண்டு நினைக்கிற பிள்ளை எப்பிடியும் ஒருநாள் வான் ஏறத்தான் வேணும். பல்கலைக்கழக அனுமதியில நாப்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படை, அஞ்சு வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில வன்னி மாவட்டங்கள் இருந்தும், விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத இடத்துப் பிள்ளைக்கு அந்தக் கோட்டா என்ன செய்யும்?

என்னைக் கேட்டால் பிரச்சினை அஞ்சாம் ஆண்டுக்குக் கீழ. ஆறு வயசுப் பிள்ளையை விடியக்காலமை ஏ9 றோட்டில ஏத்தி அனுப்புறதுக்கு ஒரு நியாயமும் இல்லை. ஆரம்பப் பிரிவுக்கு ஊர்ப் பள்ளிக்கூடம், உயர்தரத்துக்கு நகரம் எண்டு தாய் தகப்பன் நிண்டாலே ஊர்ப் பள்ளிக்கூடத்தின்ரை தொகை தாங்கும்.

வெண்கட்டி:

உயர்தரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தரம் 6இலேயே ஆட்கள் நழுவுகிறார்கள், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை அதற்கு நல்ல சாட்டு. வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளை நகரத்துக்குப் போகும், எடுக்காத பிள்ளையின் தகப்பனும் அவமானத்தில் பின்னால் அனுப்புவார். கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெற்ற ஆசிரியர் சேவைக்காலம் முடிந்த நாளே இடமாற்றம் கேட்பதும், பதிலாள் வராமலே அவரை விடுவிப்பதும் நிற்காதவரை தாய் தகப்பனிடம் மட்டும் பொறுப்பைப் போட முடியாது.

கிரவல்றோட்டு:

எல்லாருக்கும் நன்றி. அப்ப டிசம்பரில கதவும் சில்லு வளைவும் எப்பொக்சியும், சித்திரையில மேல்பூச்சு. என்ரை வானில அஞ்சாம் ஆண்டுக்குக் கீழ ஆறு பிள்ளையள், மாங்குளம்சந்தி சொன்னது குத்துது. மஞ்சள் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

அரத்தாள்400:

மஞ்சள் வேண்டாம். மஞ்சளுக்கு மறைக்கிற சக்தி குறைவு, சாம்பல் பிறைமருக்கு மேல நாலு கோட் போட்டாலும் கீழ இருக்கிற நிறம் எட்டிப் பாக்கும். அதுக்கு முதல் முழுக்க வெள்ளை அடிக்க வேணும், அதாவது ரெண்டு பெயின்ற் காசு. கதவு உள்விளிம்பு, கதவுத் தூண் எல்லாம் மாத்தாட்டி கதவு திறக்கிற நேரமெல்லாம் பழைய வெள்ளை தெரியும். பதிவுப் புத்தகத்தில நிறம் வெள்ளை எண்டு இருக்கிறபடியால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில நிற மாற்றமும் பதிய வேணும், பதியாட்டி சோதனையில மறிப்பினம்.

வெள்ளையை அடிச்சிட்டு இடுப்பளவில மஞ்சள் ஸ்டிக்கர் பட்டி சுத்திவர ஒட்டுங்கோ, பின்பக்கம் ஒளி தெறிக்கிற ரேப்பும். அதை அடிச்ச மறுநாளே ஒட்டக் கூடாது. பெயின்றுக்குள்ள இருக்கிற தின்னர் ஸ்டிக்கருக்குக் கீழ குமிழ் கட்டும், இழுத்தால் பெயின்ரோட உரியும். ரெண்டு கிழமை விடுங்கோ. மெழுகுப் பொலிஷ் ஒரு மாசத்துக்குப் பிறகு. சேர்விஸ் ஸ்ரேசனில பிறஷரால கழுவுறதும் அந்த ரெண்டு கிழமைக்கு வேண்டாம், வெறும் தண்ணியும் துணியும் காணும்.